ஒரு சொட்டு ஒழுகாத வீடு

ஐப்பசி 7, திங்கள்

மூட்டம். மழை இல்லை. ஊரே குடையைத் தூக்கிக்கிட்டுத் திரியுது, வானம் ஒரு சொட்டு விடுவேனாங்குது.

மண்டிக்குப் போகலை. காய்ச்சல்னு சொல்லி அனுப்பியாச்சு. காய்ச்சல் இல்லை, வாரண்டு.

காலையில் வக்கீல் குமாஸ்தா வந்து சொன்னார். இந்த வீட்டைக் கட்டின சீனிக் கொத்தனார், கூலிப் பாக்கிக்குக் கோர்ட்டுத் தீர்ப்பா வாங்கி வச்சிருக்கிற டிக்ரியை வச்சு மனுப் போட்டு, என்னைப் பிடிக்க உத்தரவு வாங்கிட்டானாம். அசல், வட்டி, கோர்ட்டுச் செலவு எல்லாம் சேர்த்து நானூத்துச் சொச்சம். கட்டணும், இல்லைன்னா சிவில் ஜெயில். (இனிமே இதில் அவன் வெறும் சீ.கொ. தான். முழுப் பேரையும் எழுதினா நிப்பு முறியுது.)

என்னைப் பிடிக்க! தானிய மண்டியில் உக்காந்து இத்தனை வருஷம் கணக்கு எழுதினவன். ஒரு படி சோளத்துக்கு வித்தியாசம் வந்ததுன்னு ஒருத்தன் சொல்லட்டும்.

குமாஸ்தா சொன்ன சட்டம். மறந்துறக் கூடாது:

பொழுது சாஞ்சா விடியுற வரைக்கும், பிடிக்க வர்ற கோர்ட்டு அமீன் வீட்டுக்குள்ள வர முடியாது.

பகல்ல வரலாம். கதவு திறந்து கிடந்தா நேரா உள்ளேயே வரலாம்.

நான் உள்ளே இருந்துக்கிட்டே திறக்க மாட்டேன்னு சொன்னா, கதவை உடைக்கலாம். ஆகையால் நான் உள்ளே இல்லை.

பொம்பளைகளைப் பிடிக்க மாட்டாங்க. (இதைக் கேட்டுட்டு என் சம்சாரம் பார்வதி: "அம்புட்டு மரியாதையாவது வச்சிருக்கானே வெள்ளைக்காரன்.")

வாசக் கதவைப் பகல் பூராவும் தாழ்ப்பாள் போட்டு வைக்கிறதுன்னு முடிவு. புது வீடு. காத்து வரணும்னு நானே நின்னு பெருசா வைக்கச் சொன்ன கதவு.

ஐப்பசி 8, செவ்வாய்

மூட்டம். புழுக்கம்.

அமீன் வந்தார். நான் பயந்த மாதிரி ஆள் இல்லை. வயசான மனுஷன், கறுப்புக் கோட்டு, குடை, இருமல். நான் உள்ளே குதிருக்குப் பின்னாடி. பார்வதி ஜன்னல் வழியா.

"ஐயா இருக்காகளாம்மா?"

"இல்லையே. ஊருக்குப் போயிருக்காக."

"எந்த ஊரும்மா?"

"திருவாதவூரு. பெரியம்மாவுக்கு முடியலைன்னு."

"எப்ப வருவாக?"

"அது பெரியம்மா கையில இருக்கு."

பெரியம்மா செத்து நாளாச்சு. அமீன் சிரிக்காமல் எழுதிக்கிட்டாராம். தண்ணி கேட்டார். குடுத்தா. குடிச்சுட்டு எதிர்த்தாப்ல ராவுத்தர் பாய்க்கடை வாசலில் பெஞ்சில் உக்காந்து, வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிச்சுக்கிட்டார். சாயந்தரம் வரைக்கும் அங்கேயேதான். குதிருக்குப் பின்னாடி தும்மலை அடக்கி அடக்கி எனக்கு மண்டை வலி.

விளக்கு வச்ச பிறகு ராவுத்தர் வந்தார். "என்னா மாப்ள, சொந்த வீட்டுல திருடனாட்டம் இருக்கீக?" அவரே ஒரு வழி சொன்னார். அமீன் தெருவில் இருந்தால் கடை வாசலில் பெரிய கோரைப்பாய் ஒண்ணைத் தொங்க விடுவார். போயிட்டால் எடுத்துருவார். பாய் தொங்குதான்னு நான் ஜன்னல் இடுக்கில் பார்த்துக்கலாம்.

"அந்தாளு இன்னிக்கு என் கடையில ஒரு தடுக்கு வேற வாங்குனாரு மாப்ள. கெட்ட மனுசன் இல்லை." அதுதான் இன்னும் எரிச்சல்.

ஐப்பசி 9, புதன்

பாய் தொங்குது. பகல் பூரா வேலை இல்லை. நடந்ததை வரிசையா எழுதிப் பார்க்கிறேன். வாயால் சொன்னால் பார்வதி எந்திரிச்சுப் போயிடுறா, அவளுக்கு மனப்பாடம்.

முந்தின வருஷம் ஆவணியில் பால் காய்ச்சினோம். தெற்குவாசல் தாண்டி அவனியாபுரம் ரோட்டில் சொந்த வீடு. எங்க வம்சத்தில் டவுனுக்குள்ள கல்லு வச்சுக் கட்டினவன் நான்தான். கட்டினது சீ.கொ., அவனியாபுரத்துக்காரன். வழக்கப்படி அவனை மணையில் உக்கார வச்சு, சந்தனம் பூசி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம், சரிகைக்கரை வேட்டி, துண்டு. கடைசித் தவணை மட்டும் பாக்கி. அறுப்பு முடிஞ்சதும் தாரேன்னு பேச்சு.

ஐப்பசியில் மழை. எல்லாரும் உக்கார்ற பட்டாசாலையில் ரெண்டாவது உத்தரத்துப் பக்கம் சொட்டுச் சொட்டுன்னு.

நான்: ஒழுக்கை நிறுத்து, தவணை தாரேன்.

அவன்: தவணையைக் குடுங்க, நிறுத்தித் தாரேன்.

நான்: முதல்ல ஒழுக்கு.

அவன்: முதல்ல கூலி. ஆளுக வாசல்ல நிக்கிறாக.

அம்புட்டுத்தான் சண்டை. அவன் வக்கீலிடம் போனான். நானும் போனேன். அப்புறம் அது எங்க சண்டையே இல்லை.

கோர்ட்டில் அவன் வக்கீல் என்னைக் கூண்டில் ஏத்தி ஒரே கேள்வி. "வேலையில் குறை இருந்தால், வீடு கட்டியவருக்கு எதற்காக மரியாதை செய்தீர்கள்?" மரியாதை செஞ்சது ஆவணியில், மழை பேஞ்சது ஐப்பசியில்னு சொன்னேன். கோர்ட்டே சிரிச்சது. பால் காய்ச்சும்போது கொத்தனாருக்கு வேட்டி குடுக்காத வீட்டில் யாராவது விளக்கு ஏத்துவாங்களா? கேஸை விசாரிச்ச அந்த முன்சீப் வீட்டிலும் குடுத்திருப்பாங்க.

வீட்டைப் பார்க்கக் கோர்ட்டுக் கமிஷனர் வந்தது பங்குனியில்! காக்கா தண்ணிக்கு அலையுற காலம். குடம் குடமா மாடியில் ஊத்திப் பார்த்தாங்க. ஒழுகலை. ஒரு மணி நேரம் விடாமல் ஊறினால்தான் ஒழுகும்னு கத்தினேன். எழுதிக்கலை. ராவுத்தர் ஒழுகினதைக் கண்ணால் பார்த்த சாட்சி. "பிரதிவாதியை மாப்பிள்ளை என்று முறை சொல்லி அழைக்கும் நபர்"னு அவரையும் தள்ளிட்டாங்க.

சீ.கொ. கூண்டில் ஏறிச் சொன்னது: "ஒரு சொட்டு ஒழுகாதுங்க சாமி."

சொன்னபோது கட்டியிருந்தது நான் குடுத்த சரிகைக்கரை வேட்டி. தோளில் நான் குடுத்த துண்டு. வாய்தாவுக்கு வாய்தா அதையேதான் கட்டிக்கிட்டு வந்தான்.

இந்த வருஷம் நல்லா ஒரு மழை பெய்யட்டும். முன்சீப்பையே கூட்டிக்கிட்டு வந்து பட்டாசாலையில் உக்கார வைக்கிறேன்.

ஐப்பசி 10, வியாழன்

மூட்டம். இடி மட்டும்.

கோச்சடையிலிருந்து ஆள் வந்தது. எம் மக செல்லத்தைப் பொண்ணு பார்க்க வாராங்களாம். நல்ல இடம், தென்னந்தோப்பு, வயல், பையன் மில்லு ஆபீஸில். சித்திரையிலிருந்து காத்துக்கிட்டிருந்தது. வேற நாளா இருந்தா துள்ளியிருப்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை. காலையில், ராகு காலத்துக்கு முன்னாடி. பகல்!

பொழுது சாஞ்சு வரலாமேன்னு சொல்லிப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் பொண்ணு லட்சுமியாட்டம் இருப்பான்னு என்னென்னவோ உளறினேன். வந்த ஆள் ஒரு மாதிரிப் பார்த்தான். "பொண்ணுக்குக் கண்ணு கிண்ணு ஏதும்…" பார்வதி உள்ளேயிருந்து, "வெள்ளிக்கிழமை காலையிலேயே வரச் சொல்லுங்க, எல்லாரும் வாங்கன்னு சொல்லுங்க" அப்படின்னுட்டா.

மாப்பிள்ளை வீட்டார் வரும்போது வாசக் கதவைச் சாத்தி வைக்க முடியாது. கோலம் போட்டு, ரெண்டு கதவையும் விரியத் திறந்து, நான் வாசலில் நின்னு வாங்க வாங்கன்னு கைகூப்பணும். எதிரில் பெஞ்சில் அமீன் கடலை தின்னுக்கிட்டு உக்காந்திருப்பார்.

தள்ளிப் போட்டால் காரணம் கேப்பாங்க. கோச்சடையிலிருந்து தெற்குவாசல் என்ன தூரம், காரணம் தானே நடந்து போயிரும். ஜெயிலுக்குப் போற மாமனார் எவனுக்கு வேணும்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரு. அதுவும் அவன் கட்டின சுவரு.

ஐப்பசி 13, ஞாயிறு

வெயில் கொஞ்சம்.

முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். காய்ச்சல் எப்ப விடும்? முன்பணம் கேட்டுப் பார்த்தேன். "கம்பு விலை இருக்கிற இருப்புல பணமா?" அப்படின்னு பதில். நியாயம்தான். மண்டியில் மூட்டைக மேல பூனை தூங்குது.

பார்வதிக்கும் எனக்கும் பெரிய சண்டை. காரணம் மஞ்சப்பை.

கடைசித் தவணைப் பணம், முந்நூறு, அன்னைக்குக் குடுக்கிறதுக்கு எண்ணி வச்சது அப்படியே மஞ்சப்பையில் குதிருக்குள்ள இருக்கு. தொடலை. செல்லத்துக்கு மூக்குத்தி எடுக்கணும்னு வந்தப்பவும் தொடலை. தொட்டால் என் நியாயம் போயிரும். குடுக்க வழியில்லாதவன் இல்லை நான். ஒழுகாத வீட்டுக்குக் குடுக்க வச்ச பணம் அது.

"அதைக் குடுத்துத் தொலைங்க. மிச்சத்துக்கு அவகாசம் கேளுங்க."

"அவன் வாயால ஒழுகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த நிமிஷம் பை அவன் கையில."

"அந்த ஒரு வார்த்தையைப் பொண்ணுக்குத் தாலியாக் கட்டப் போறீகளா?"

"கோர்ட்டுல என்னைப் பொய்யனாக்கினான்டி."

"ஆமா. நீங்களும் அவரைக் கூலிக்குப் பொய் வேலை செஞ்சவன்னு சொன்னீக. அம்புட்டுப் பேருக்கு முன்னாடி. நானும் அங்கனதான் இருந்தேன்."

அவரைன்னு வேற சொல்றா! சாப்பிடலை. ரெண்டு பேரும்.

பிறகு செல்லம் வந்து பக்கத்தில் உக்காந்தா. அரிசியில் கல் பொறுக்கிற மாதிரி முறத்தைக் கையில் வச்சுக்கிட்டு, முகத்தைப் பார்க்காமல், "எனக்கு இந்த இடம் பிடிக்கலைன்னு நான் சொல்லிரவா அப்பா? அவுக வரலைன்னா கதவைத் திறக்க வேண்டியதில்லைல்ல."

போம்மா உள்ளேன்னு சத்தம் போட்டேன். வேற என்ன செய்ய. அழுகை வந்துருச்சு எனக்கு.

ஐப்பசி 15, செவ்வாய்

மேற்கே கறுத்து வந்து கலைஞ்சு போச்சு.

அமீன் ஜன்னலுக்கு வந்து, "பெரியம்மா எப்படிம்மா இருக்காக?" பார்வதி, "இழுத்துக்கிட்டுக் கிடக்கு." அமீன், "பெரிய உசிரு."

அப்புறம் குரலைத் தாழ்த்தி அவர் சொன்னது எனக்கும் கேட்டது: "அம்மா, நான் ஐயாவை முகம் பார்த்ததில்லை. கொத்தனார் கூட வந்து இன்னாருன்னு அடையாளம் காட்டணும். இம்புட்டு நாளும் அவரு வரலை, கூலி வேலை கெடுதுன்னு. வெள்ளிக்கிழமை வாரேன்னு சொல்லியிருக்காரு. நான் சொன்னேன்னு இருக்க வேண்டாம்."

வெள்ளிக்கிழமை!

அவனுக்கு எப்படித் தெரிஞ்சது? யாரு சொன்னா? ராவுத்தர் சத்தியம் பண்றார், அவர் இல்லைன்னு. வேணும்னே அந்த நாளைப் பார்த்திருக்கான், பாவி. பார்வதி சொல்றா, வெள்ளிக்கிழமை அவுகளுக்குக் கூலி வேலை இருக்காது, அதனால இருக்கும்னு. அவளுக்கு எல்லாத்துக்கும் ஒரு பதில்.

ஐப்பசி 17, வியாழன்

நாளைக்கு. மூட்டம் கனத்துக் கிடக்கு.

பொழுது சாஞ்சு ராவுத்தரே எல்லாம் வாங்கி வந்து குடுத்தார்: வெற்றிலை, சீவல், மல்லிகைப்பூ, வெல்லம், காப்பித்தூள், புதுப் பாய் ஒண்ணு (காசு வாங்க மாட்டேங்கிறார்).

ஏற்பாடு: கதவு திறந்தே இருக்கும். ராவுத்தர் காலையிலேயே கடை திறந்து பார்த்துக்கிட்டே இருப்பார். அமீன் தலை தெரிஞ்சதும் பாயைத் தொங்க விடுவார். நான் வயித்து வலின்னு கொல்லைப் பக்கம் போய், சந்து வழியா ராவுத்தர் மச்சான் வீட்டுக்கு. அமீன் வந்தால் பார்வதி பார்த்துக்குவா. திட்டம் சரியாத்தான் இருக்கு.

பட்டாசாலையில் எங்கே உக்கார வைக்கிறதுன்னு ஒத்திகை. கிழக்கே பார்த்துத்தான் உக்காரணும். கிழக்கே பார்த்தால் ரெண்டாவது உத்தரத்துக்குக் கீழே.

இத்தனை மாசமா மழை வா வான்னு வேண்டிக்கிட்டவன் இப்போ மீனாட்சி சந்நிதி இருக்கிற பக்கம் திரும்பி, தாயே நாளைக்கு மட்டும் வேண்டாம்னு கும்பிட்டேன். பார்வதி பார்த்துட்டா. சிரிப்பை முந்தானையால மூடிக்கிட்டா.

ஐப்பசி 18, வெள்ளி

சாயந்தரம் எழுதுறேன். இன்னும் ஜெயிலுக்குப் போகலை.

கருக்கல்லயே பிடிச்ச மழை. அடைமழை. கோலம் போட வழியில்லை, வாசப்படிக்கு உள்ளே போட்டாங்க. நான் உத்தரத்தையே அண்ணாந்து பார்த்துக்கிட்டு. காஞ்சு இருந்தது. நல்ல பிள்ளையாட்டம் காஞ்சு இருந்தது.

மாட்டு வண்டியில் கோச்சடைக்காரங்க நனைஞ்சு வந்து இறங்கினாங்க. பையனோட அப்பா, அம்மா, ரெண்டு பொம்பளைக. வாங்க வாங்க. சம்பந்தியா வரப் போறவர் பெரிய உடம்பு, பெரிய குரல். உக்காரச் சொன்ன இடத்தில் உக்காந்தார், உத்தரத்துக்குக் கீழே. செல்லம் வந்து கும்பிட்டா. அந்தம்மாவுக்குப் பிடிச்சுப் போச்சு, முகத்திலேயே தெரிஞ்சது.

நான் நிமிஷத்துக்கு ஒரு தரம் ராவுத்தர் கடையைப் பார்த்தேன். பாய் தொங்கலை. நிம்மதி.

பாய் எப்படித் தொங்கும்? மழைக்குக் கோரைப்பாயை எவன் வெளியில் தொங்க விடுவான்? எல்லாப் பாயையும் சுருட்டி உள்ளே அடுக்கி, படுதா இறக்கி விட்டிருக்கார். எனக்கும் தோணலை, அவருக்கும் தோணலை. ரெண்டு பேரு சேர்ந்து போட்ட திட்டம்!

வாசலில் குடை. குடைக்குக் கீழே அமீன். அவருக்கு முன்னாடி, படியேறி, சரிகைக்கரை வேட்டி. சீ.கொ.

எனக்குக் கொல்லைப் பக்கம் போகக் கால் வரலை. பார்வதிதான். கையில் பணியாரத் தட்டோட, கொஞ்சம்கூடத் தயங்காமல்:

"வாங்கண்ணே, வாங்க. இம்புட்டு மழையில வந்துட்டீகளே." திரும்பி அவங்களிடம், "இந்த வீட்டைக் கட்டுன கொத்தனாரு. நல்ல காரியம் நடக்குது, நீங்க இல்லாமலான்னு வரச் சொன்னேன்."

கோச்சடைக்காரர் அமீனைக் காட்டி, "அவரு?"

"அவரு அண்ணன் கூட வந்தவரு."

அமீன் இருமினார். சட்டைப்பையில் மடிச்ச காகிதம் துருத்திக்கிட்டு நிக்குது. பார்வதி அவர் கையில் பணியாரத் தட்டை வச்சா. வாங்கிக்கிட்டு ஓரமா உக்காந்தார். சீ.கொ. எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தான். செல்லத்தை, பூவை, தாம்பாளத்தை. அப்புறம் என்னை. அவனுக்கு இன்னைக்கு என்ன நாள்னு தெரியாது. அது முகத்திலேயே தெரிஞ்சது. உக்காந்தான்.

கோச்சடைக்காரருக்குக் கொத்தனாரைக் கண்டதும் பேச்சு பிச்சுக்கிச்சு. "நல்லாக் கட்டியிருக்கீகப்பா. மழைக்கு எப்படி? எங்க வீட்டுல மாடிக்குத் தட்டோடு போட்ட வருசமே ஒழுகி, பாய் போட இடமில்லை."

கேட்டது அவனிடம். பார்த்தது என்னை.

அவன் தரையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கான். எல்லாரும் எனக்காகக் காத்திருக்காங்க.

"ஒரு சொட்டு ஒழுகாதுங்க" அப்படின்னேன்.

சொன்னேன். நானே. என் வாயால. அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

அப்பத்தான் விழுந்தது. கோச்சடைக்காரர் முட்டிக்கும் வெற்றிலைத் தட்டுக்கும் நடுவில், புதுப் பாய் மேல. டப்புன்னு. அவர் கவனிக்கலை, தேங்காய் விலை பேசிக்கிட்டிருந்தார். நான் பார்த்தேன். பார்வதி பார்த்தா. சீனி பார்த்தான். இன்னொண்ணு. இந்தத் தடவை தட்டு விளிம்பில்.

ஒரு வருஷமா இதுக்குத்தானே காத்திருந்தேன்! அவன் கண்ணுக்கு முன்னாடி, சாட்சிகளோட. எந்திரிச்சு நின்னு "பாத்தியாடா!"ன்னு கத்த வேண்டியதுதானே. கையை நீட்டி அந்த ஈரத்தை மறைக்கலாமான்னு பார்த்துக்கிட்டிருந்தேன் நான்.

சீனி எந்திரிச்சான். "கால் மரத்துப் போச்சுங்கய்யா, கொஞ்சம் இப்பிடி உக்காந்துக்கிறேன்" அப்படின்னு தட்டை நகர்த்திட்டு, சரியா அந்த இடத்தில் சம்மணம் போட்டு உக்காந்தான். துண்டை எடுத்துத் தோளில் விரிச்சுப் போட்டுக்கிட்டான். சொட்டு தோளில் விழுந்தது, சத்தமில்லாமல். தென்னைக்கு எத்தனை அடி விடணும், சிவப்பு வண்டு விழுந்தா என்ன செய்யணும்னு கோச்சடைக்காரரைக் கேட்டுக்கிட்டே இருந்தான். அவருக்குக் கேக்கணுமா. அவங்க எந்திரிக்கிற வரைக்கும் அவன் அசையலை. துண்டு பிழிஞ்சு எடுக்கிற அளவுக்கு நனைஞ்சு போச்சு.

ராகு காலத்துக்கு முன்னாடி கிளம்பிட்டாங்க. "வீடும் நல்லாருக்கு, பொண்ணும் நல்லாருக்கு, சொல்லி அனுப்புறோம்." வண்டி திரும்புற வரைக்கும் கைகூப்பி நின்னேன்.

உள்ளே வந்தால் அமீன் எந்திரிச்சுட்டார். கை சட்டைப்பையில். "ஐயா, வந்து… என் உத்தியோகம்…"

சீனி: "அமீனய்யா, வாங்க போவோம். ஆளைக் காணோம்னு எழுதிக்குங்க."

"ஆளு இந்தா நிக்கிறாரேப்பா."

"நான் அடையாளம் காட்டலையே."

அமீன் அவனையும் என்னையும் பார்த்தார். குடையை விரிச்சார். சீனி நிலைப்படியில் நின்னு உத்தரத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தான். என்னைப் பார்த்தான். படியிறங்கிட்டான்.

ஐப்பசி 20, ஞாயிறு

விட்டு விட்டு மழை. சொட்டுக்குக் கீழே அண்டா வச்சிருக்கு.

காலையில் சீனியோட சம்சாரம் வந்தாங்க. முந்தானைக்குள்ள பொதிஞ்சு கொண்டு வந்ததைப் பார்வதி கையில் குடுத்தாங்க. சரிகைக்கரை வேட்டி, துண்டு. துவைச்சு மடிச்சது. இன்னும் ஈரம் காயலை.

"ஒழுகுற வீட்டுக்கு வாங்குன மரியாதை வேணாமாம். குடுத்துட்டு வரச் சொன்னாக. மழை விட்டதும் மேல வந்து பாப்பாகளாம், அதுக்குக் காசு வேணாமாம்." கொஞ்சம் தயங்கிட்டு, "கூலி கூலிதானாம். அதையும் சொல்லச் சொன்னாக. எங்க வாசல்லயும் ஆளுக நிக்கிறாகக்கா."

பார்வதி அவங்களை உக்கார வச்சு இட்லி குடுத்தா. நான் பட்டாசாலையில் அந்தத் துணியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். கேட்ட வார்த்தை வந்துருச்சு. சந்தோஷமா இருக்கணுமே.

பொழுது சாஞ்சு வக்கீல் குமாஸ்தா. விஷயத்தைக் கேட்டதும் துள்ளிக் குதிச்சார். "விடாதீங்க! அந்த வேட்டி எங்கே? அதுதான் அத்தாட்சி. குடுத்ததைத் திருப்பிட்டான்னா குறையை ஒத்துக்கிட்டான்னு அர்த்தம். மறுபடி மனுப் போடுவோம். அன்னைக்குக் கூட இருந்த கோச்சடைக்காரரைச் சாட்சி போடலாம், பெரிய மனுஷர், தள்ள முடியாது."

கோச்சடைக்காரரைக் கூண்டில் ஏத்தி, என் சம்பந்தி வீடு ஒழுகுதுன்னு சொல்லச் சொல்லணுமாம். நான் அவர் முகத்தைப் பார்த்து ஒழுகாதுன்னு சொன்ன வீடு.

கோச்சடையிலிருந்து மத்தியானமே ஆள் வந்துட்டுப் போயாச்சு. பிடிச்சிருக்காம். பாக்கு வெத்தலை மாத்த நாள் பார்க்கச் சொல்லியிருக்காங்க.

யோசிச்சுச் சொல்றேன்னு குமாஸ்தாவை அனுப்பினேன். போனதும் பார்வதி கேட்டா. "இந்த வேட்டியை இப்ப எங்க கொண்டு போகப் போறீக?"

ஐப்பசி 21, திங்கள்

மழை விட்டிருக்கு. நல்ல வெயில். தெரு பூரா சேறு.

ராவுத்தர் கடையில் பாய் தொங்குது. ஜன்னலில் பார்த்தேன், அமீன் பெஞ்சில் உக்காந்திருக்கார். வாரண்டுத் தேதி முடியுற வரைக்கும் அவர் வந்துதான் ஆகணும். அடையாளம் காட்ட இனிமே யாரும் வேண்டாம். பணியாரம் தின்னுக்கிட்டு எதிரில் உக்காந்து என் முகத்தை நல்லாப் பார்த்துட்டார்.

செல்லம் தாம்பாளத்தைப் புளி போட்டு விளக்கி வச்சிருக்கா. வெற்றிலை, பாக்கு, பழம். மேலே வேட்டி, துண்டு, இப்போ நல்லாக் காஞ்சிருக்கு. அதுக்குக் கீழே மஞ்சப்பை. முந்நூறும் அப்படியே. மிச்சத்துக்கு சீனிக் கொத்தனாரிடம் அவகாசம் கேக்கணும். எப்படிக் கேக்கிறதுன்னு காலையிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், ஒண்ணும் சரியா வரலை.

பார்வதி: "பொழுது சாஞ்சு போங்களேன். இம்புட்டு நாள் இருந்தீக."

மரியாதையை இருட்டில் கொண்டு போய்க் குடுக்க முடியாதுன்னேன். அவனியாபுரம் வரைக்கும் நடந்துதான் போகணும், தாம்பாளத்தை ரெண்டு கையிலும் ஏந்திக்கிட்டு. தெருவே பார்க்கும். பார்க்கட்டும். வழியில் அமீன் பிடிச்சால், முதல்ல கொத்தனார் வீடு, அப்புறம் நீங்க சொல்ற இடம்னு கேட்டுப் பார்க்கணும். விடுவாரோ என்னவோ. கெட்ட மனுஷன் இல்லை.

பார்வதி கதவுகிட்ட நிக்கிறா. எழுதினது போதும், பழம் கறுத்துப் போகுதுங்கிறா.

தாழ்ப்பாளை எடுக்கச் சொல்லிட்டேன்.